40 சதவீதம் இல்லாத பிள்ளைக்கும் பள்ளியில் என்னென்ன உரிமை உண்டு?

"உங்க பையனுக்குக் குறைபாடு 40 சதவீதம் வரலையே, அப்போ சலுகை எதுவும் கிடையாது." பள்ளியில் இப்படிக் கேட்டுவிட்டுத் திரும்பி வரும் பெற்றோர் நிறையப் பேர். அந்தப் பதில் பாதிதான் சரி. குறைபாடு 40 சதவீதமாவது இருக்கிறது என்று சொல்லும் மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் சிலவற்றுக்கு மட்டுமே தேவை. மற்றவை அது இல்லாமலே கேட்கக்கூடியவை.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016இல் நிறைவேறி, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. 1995ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள்தான் இருந்தன. இப்போது 21. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் இதில்தான் உள்ளே வந்தன.

40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உண்டு. அருகிலுள்ள பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்று தேர்ந்தெடுக்கலாம். 18 வயது வரை புத்தகம், துணைக் கருவிகள் இலவசம். கல்வி உதவித்தொகைக்கும் இதே வரம்புதான்.

ஆனால் அதே சட்டத்தின் 16ஆம் பிரிவில் சதவீதப் பேச்சே இல்லை. அரசு நிதி பெறும் பள்ளியானாலும், அரசு அங்கீகாரம் மட்டும் பெற்ற தனியார் பள்ளியானாலும், பாகுபாடு காட்டாமல் சேர்க்க வேண்டும், பிள்ளையின் தேவைக்கேற்ப வசதி செய்து தர வேண்டும் என்கிறது. கற்றல் குறைபாட்டைச் சீக்கிரமே கண்டுபிடித்து, அதற்கேற்பக் கற்பிக்கும் முறையை மாற்றுவதும் இதில் அடங்கும்.

நாலாம் வகுப்புப் பிள்ளை ஒன்று, கேள்வியை வாசித்துக் காட்டினால் டக்கென்று பதில் சொல்கிறது. அதே பதிலை எழுதச் சொன்னால் எழுத்துகள் இடம் மாறி, பாதி வரியில் நின்றுபோகிறது. இந்தப் பிள்ளையை 'சோம்பேறி' என்று ஓரம்கட்டுவது பெரிய அநியாயம். முன் வரிசையில் உட்கார வைப்பது, கேள்வியை வாசித்துக் காட்டுவது, வாய்மொழியாகப் பதில் வாங்குவது, கரும்பலகையில் உள்ளதை எழுதிக்கொள்ளக் கூடுதல் நேரம் தருவது என எதற்கும் பெரிய செலவில்லை. இவற்றைத் தயங்காமல் கேளுங்கள்.

தேர்விலும் அப்படித்தான். கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம், மூன்றாம் மொழிப் பாடங்களிலிருந்து விலக்கு ஆகியவற்றை 17ஆம் பிரிவு குறிப்பிடுகிறது. அங்கும் 40 சதவீத நிபந்தனை இல்லை. சொல்வதை எழுதுபவரை 40 சதவீதம் உள்ளவர்களுக்கு மட்டும் என்று சுருக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2021 பிப்ரவரியில் சொல்லிவிட்டது. எழுதுவதில் சிரமம் இருக்கிறது என்பதற்கு மருத்துவச் சான்று மட்டும் வேண்டும். தமிழ்நாட்டில் பொதுத்தேர்வுச் சலுகைக்கான விண்ணப்பம் தலைமையாசிரியர் வழியாகத்தான் போகும். அதனால் தேர்வு நெருங்கும் வரை காத்திருக்காமல், பத்தாம் வகுப்பு தொடங்கியதுமே பேசிவிடுங்கள். மருத்துவமனையில் மதிப்பீடு முடிந்து சான்று கைக்கு வரவே நாளாகும்.

அரசுப் பள்ளி என்றால் அப்புறம் ஒரு இடத்தையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்: உங்கள் ஒன்றியத்தின் வட்டார வள மையம். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் சிறப்புப் பயிற்றுநர்களும் இயன்முறைப் பயிற்சி தருபவர்களும் அங்கிருந்துதான் இயங்குகிறார்கள். மருத்துவ மதிப்பீட்டு முகாம் எப்போது என்று அங்கே விசாரிக்கலாம். இந்தத் திட்டத்தில் சிறப்புத் தேவையுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆண்டுக்கு 3,500 ரூபாய் வரை ஒதுக்கீடு உண்டு. கருவி, பயிற்சி போன்றவற்றுக்கான தொகை அது, கையில் தரும் பணமல்ல. பெண் பிள்ளைகளுக்கு மட்டும் தனியாக மாதம் 200 ரூபாய் வீதம் 10 மாதங்களுக்கு ஊக்கத்தொகை உண்டு. பள்ளிக்கு வரவே முடியாத அளவு கடுமையான குறைபாடு என்றால், வீட்டிலிருந்தே கல்வி பெறும் வாய்ப்பைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 2012 திருத்தம் தருகிறது. அது பெற்றோர் தேர்ந்தெடுக்க வேண்டியது. 'வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்' என்று பள்ளி தள்ளிவிட முடியாது.

எதைக் கேட்டாலும் எழுத்தில் கேளுங்கள். கடிதத்தின் நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். மறுத்தால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கோ, ஆட்சியர் அலுவலகத்தின் திங்கள்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்துக்கோ அந்த நகலோடு போங்கள். அதற்கும் மேலே மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் இருக்கிறார். சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரையும், மறுபடி மீறினால் 50,000 முதல் 5 லட்சம் ரூபாய் வரையும் அபராதம் விதிக்க 89ஆம் பிரிவில் இடமிருக்கிறது.