ஆய்வுக் கட்டுரை வெளியாகும் வாரத்தில் வந்து கேட்காதீர்கள்

"வியாழக்கிழமை எங்கள் கட்டுரை வெளியாகிறது. ஒரு செய்திக்குறிப்பு எழுதி, சமூக வலைதளங்களிலும் போட்டுவிட முடியுமா?" ஆராய்ச்சி நிறுவனங்களில் தகவல் தொடர்புப் பணியில் இருப்பவர்களுக்கு இந்த மின்னஞ்சல் பழகிப்போன ஒன்று. பெரும்பாலும் திங்கட்கிழமை மாலை வரும். ஆண்டுக்கணக்கில் உழைத்த ஆய்வுக்கு இரண்டரை நாளில் விளம்பரம். அந்த அவகாசத்தில் குறிப்பு எழுதித் தரலாம். முடிவை உரியவர்களிடம் கொண்டுசேர்க்கும் திட்டம் போட முடியாது.

திட்டம் என்றதும் பலர் கொண்டுவருவது ஒரு எக்செல் தாள்: எந்த நாளில், எந்தத் தளத்தில், எந்தப் பதிவு. அது வெறும் கால அட்டவணை. அதற்கு முன்னால் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். இந்த முடிவு யாருக்குத் தெரிய வேண்டும், தெரிந்தால் அவர் எதை மாற்றிச் செய்வார்? "பொதுமக்களுக்கு" என்று பதில் வந்தால் நான் பேனாவை எடுப்பதில்லை. பொதுமக்கள் என்று ஒருவரை நான் இதுவரை சந்தித்ததில்லை.

நிலத்தடி நீரில் ஃபுளோரைடு பற்றிய ஓர் ஆய்வு என்று வைத்துக்கொள்வோம். சில கிணறுகளில் அளவு, உலக சுகாதார நிறுவனம் வகுத்த லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டியிருக்கிறது. அந்தக் கிணற்று நீரைக் குடிப்பவர் கேட்பது ஒன்றுதான்: என் கிணறு அந்தப் பட்டியலில் இருக்கிறதா, இருந்தால் நாளைக்கு எந்தத் தண்ணீரைக் குடிப்பது? "காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது" என்ற ஒரு வரி அவருக்கு முழுக் கட்டுரையையும்விடப் பயன்படும். குடிநீர்த் துறைப் பொறியாளருக்குக் கிணற்றின் ஆழம், மாதிரி எடுத்த பருவம், சோதித்த முறை, வரைபடம் எல்லாம் வேண்டும். நிதி கொடுத்தவருக்கு இரண்டு பக்க அறிக்கை போதும். நிருபருக்கு வேண்டியது, அன்று மாலைக்குள் தொலைபேசியை எடுத்துப் பேசக்கூடிய ஓர் ஆள். நால்வருக்கும் ஒரே செய்திக்குறிப்பை அனுப்பிவிட்டால் நால்வரில் ஒருவருக்கும் முழுதாகப் போய்ச் சேராது.

வரிசையும் முக்கியம். மாதிரி எடுக்க அனுமதி தந்த வீட்டார், தங்கள் கிணற்றின் நிலையைச் செய்தித்தாளில் பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி விடக்கூடாது. முதலில் அவர்களுக்கு, அடுத்து பொறியாளருக்கு, பிறகு ஊடகத்துக்கு. இந்த வரிசையை வெளியீட்டு வாரத்தில் உட்கார்ந்து அமைக்க முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஹொரைசன் யூரோப் நிதி பெறும் ஆய்வுத் திட்டங்களில், முடிவுகளைப் பரப்பும் திட்டத்தை முதல் ஆறு மாதத்துக்குள் தரும்படி கேட்பது இதனால்தான் என்று நினைக்கிறேன். முடிவு என்னவென்றே தெரியாத நிலையில் என்ன திட்டம் என்று ஆய்வாளர்கள் முணுமுணுப்பார்கள். முடிவு தெரியாவிட்டாலும், அதற்காக யார் காத்திருக்கிறார்கள் என்பது முதல் நாளே தெரியும்.

காத்திருக்கத் தெரிந்தவர்களுக்கு, அமெரிக்காவின் ஈர்ப்பு அலை ஆய்வகமான லைகோவின் குழு நல்ல உதாரணம். விண்வெளியில் பரவிவரும் மிக நுண்ணிய அதிர்வான ஈர்ப்பு அலையின் சமிக்ஞை அவர்களுக்குக் கிடைத்தது 2015 செப்டம்பர் 14 அன்று. உலகத்துக்கு அறிவித்தது 2016 பிப்ரவரி 11 அன்று. இடைப்பட்ட ஐந்து மாதத்தில் வதந்திகள் கிளம்பாமல் இல்லை. ஆனாலும் தரவைச் சரிபார்த்து, கட்டுரையைச் சரிபார்க்கும் சக அறிவியலாளர்களின் மதிப்பீட்டைக் கடந்து, கட்டுரை வெளியான அதே நாளில் செய்தியாளர்களைச் சந்தித்தார்கள். அலையின் அதிர்வெண்ணை ஒலியாக மாற்றி, "விர்ர்" என்று ஏறி முடியும் அந்தச் சத்தத்தையும் கையோடு கொண்டுவந்தார்கள். இயற்பியல் தெரியாதவர்களும் அதைக் கேட்டார்கள்.

எதிர்முனையில் 1989 மார்ச் 23. யூட்டா பல்கலைக்கழகத்தில் வேதியியலாளர்கள் ஃபிளைஷ்மனும் பான்ஸும், சூரியனுக்குள் கடும் வெப்பத்தில் நடக்கும் அணுக்கரு இணைவை அறை வெப்பநிலையிலேயே நிகழ்த்தியதாகக் கட்டுரை வெளிவருமுன்பே செய்தியாளர்களிடம் அறிவித்தார்கள். மற்ற ஆய்வகங்கள் விவரம் கைக்கு வராமலேயே சோதனையில் இறங்கின. பெரும்பாலானவர்களால் அந்த முடிவை எட்ட முடியவில்லை.

செய்தி மிகைப்பட்டால் பழி பத்திரிகைக்காரர்கள் மேல் விழும். எங்கள் தொழிலில் இது வசதியான நம்பிக்கை. 2014இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஓர் ஆய்வு அதை உடைத்தது. பிரிட்டனின் 20 பல்கலைக்கழகங்கள் வெளியிட்ட 462 செய்திக்குறிப்புகளை, மூலக் கட்டுரைகளோடும் அவற்றிலிருந்து வந்த செய்திகளோடும் ஒப்பிட்டார்கள். விலங்குகளிடம் செய்த ஆய்வை மனிதர்களுக்கு நீட்டிச் சொல்வது, செய்திக்குறிப்புகளிலேயே 36 சதவீதத்தில் இருந்தது. குறிப்பு அப்படி மிகைப்படுத்தியிருந்தால் செய்தியும் மிகைப்படுத்தும் வாய்ப்பு 86 சதவீதம். குறிப்பு அடக்கமாக இருந்தபோது அது 10 சதவீதம்தான். அதாவது மிகை பெரும்பாலும் எங்கள் மேசையில் தொடங்குகிறது. மிகைப்படுத்திய குறிப்புகள் கூடுதலாகச் செய்தியாயின என்பதற்கும் அந்த ஆய்வில் வலுவான சான்று இல்லை.

இதை எழுத்தில் எப்படித் திருத்துவது? "மறதி நோய்க்கு மருந்து கண்டுபிடிப்பு" என்று ஒரு வரைவு வருகிறது என்போம். கட்டுரையைத் திறந்தால், ஒரு சேர்மம் கொடுக்கப்பட்ட எலிகள் சிக்கலான பாதையில் சீக்கிரம் வழி கண்டுபிடித்தன என்றுதான் இருக்கிறது. "மருந்து" என்பதை அடித்து "சேர்மம்" என்று எழுதுவேன். "எலிகளில்" என்பதைத் தலைப்புக்கே ஏற்றுவேன், ஐந்தாவது பத்தியில் ஒளித்துவைக்க மாட்டேன். "மனிதர்களிடம் இன்னும் சோதிக்கவில்லை" என்பது இரண்டாவது வாக்கியம். தலைப்பின் கவர்ச்சி போய்விடுகிறதே என்று ஆய்வாளரே வருத்தப்படுவார். வருத்தப்படட்டும். மறதி நோயாளியின் மகள் அந்தத் தலைப்பை நம்பித் தொலைபேசியில் அழைக்கும்போது பதில் சொல்லப்போவது நானும் அவரும்தான்.

எண்களில் இன்னும் கவனம் தேவை. 1995 அக்டோபரில் பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு, பழைய வகையோடு ஒப்பிட்டால் புதிய வகைக் கருத்தடை மாத்திரைகளால் ரத்தம் உறையும் அபாயம் இருமடங்காகிறது என்று எச்சரித்தது. இருமடங்கு என்பது பொய்யில்லை. ஆனால் 7,000 பெண்களில் ஒருவருக்கு இருந்த அபாயம் இருவருக்கு ஆனது, அவ்வளவுதான். பயந்துபோன பெண்கள் பலர் மாத்திரையை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கருக்கலைப்புகள் சுமார் 13,000 கூடியதாக மதிப்பிட்டார்கள். இதில் கொடுமை, கர்ப்பம் தரும் ரத்த உறைவு அபாயம் அந்த மாத்திரை தருவதைவிட அதிகம். சதவீதமோ மடங்கோ சொன்னால் "எத்தனை பேரில் எத்தனை பேர்" என்பதையும் அதே வாக்கியத்தில் சொல்ல வேண்டும். என் மேசையைத் தாண்டும் எந்தக் குறிப்புக்கும் இந்த விதியில் விலக்கு இல்லை.

மற்ற ஏற்பாடுகள் சிறியவை, ஆனால் விட்டுவிட்டால் கெடுப்பவை. பேசப்போகிறவர் அன்று ஊரில் இருக்க வேண்டும்; மாநாட்டுக்கு விமானத்தில் பறந்துகொண்டிருக்கும் முதன்மை ஆய்வாளரால் பயனில்லை. நிருபர்களுக்குக் கட்டுரையை எம்பார்கோ நிபந்தனையோடு, அதாவது குறித்த நேரத்துக்கு முன் வெளியிடக் கூடாது என்ற ஒப்பந்தத்தோடு, சில நாள் முன்னதாகக் கொடுத்தால், ஆய்வில் பங்கில்லாத இன்னொரு நிபுணரிடம் கருத்துக் கேட்க அவர்களுக்கு நேரம் கிடைக்கும். கேட்கப்படக் கூடாது என்று நாம் வேண்டிக்கொள்ளும் கேள்விகளை முன்பே எழுதிப் பதில் தயாரிப்பது நல்லது: நிதி யார் கொடுத்தது, மாதிரி ஏன் இவ்வளவு சிறியது, எதிரான முடிவு கண்ட ஆய்வுகள் உண்டா. சமூக வலைதளத்தைப் பொறுத்தவரை, ஆட்கள் இருக்கும் ஒரு தளத்தில் தொடர்ந்து பதில் சொல்வது ஐந்து தளங்களில் படம் போட்டுவிட்டுப் போவதைவிட உருப்படியான வேலை. வெற்றியை எத்தனை லைக் என்று அளக்காதீர்கள். ஃபுளோரைடு ஆய்வுக்கு அளவுகோல், எத்தனை வீடுகள் கிணற்றை மாற்றின என்பது.

திட்டத்தில் அநேகமாக யாருமே எழுதாத ஒரு பகுதி உண்டு: முடிவு பின்னால் தவறென்று ஆனால் என்ன செய்வது. 2010 டிசம்பரில் நாசா ஒரு செய்தியாளர் சந்திப்பு நடத்தியது. வேற்றுக்கிரக உயிர்த் தேடலைப் பாதிக்கும் கண்டுபிடிப்பு என்று முன்கூட்டியே அறிவித்ததால் எதிர்பார்ப்பு எகிறியிருந்தது. எல்லா உயிர்களுக்கும் அவசியமான பாஸ்பரஸுக்குப் பதில், நஞ்சான ஆர்செனிக்கைப் பயன்படுத்தும் பாக்டீரியா என்பது அதில் சொன்ன செய்தி. 2012இல் வேறு குழுக்கள் செய்த சோதனைகள் அதை ஆதரிக்கவில்லை. 'சயன்ஸ்' ஆய்விதழ் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றதோ 2025 ஜூலையில்; அதற்கும் ஆய்வாளர்கள் உடன்படவில்லை. இத்தனை ஆண்டுக்குள் குறிப்பை எழுதியவர் வேலை மாறியிருப்பார், பழைய பக்கம் மட்டும் தேடுபொறியில் அப்படியே வந்துகொண்டிருக்கும். ஆகவே திட்டத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு பொறுப்பாளரை நியமியுங்கள். பெயரை விட்டுவிட்டுப் பதவியைக் குறிப்பிடுங்கள். திருத்தமோ திரும்பப் பெறுதலோ வந்தால் அவர் பழைய குறிப்பை அழிக்கக் கூடாது. அதன் தலைமாட்டிலேயே தேதியோடு விளக்கத்தைச் சேர்த்து, முதலில் குறிப்பை அனுப்பிய அதே நிருபர் பட்டியலுக்கு அதையும் அனுப்ப வேண்டும். அந்தப் பட்டியலை யாருடைய சொந்தக் கணினியிலும் விட்டுவைக்காதீர்கள்.