ப்ரொப்பெல்லர்: திருகா, விசிறியா, இறக்கையா?

ட்ரோன் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு முதல் பொருள் ஆண் தேனீ. ரீங்காரத்துக்கும் அங்கே அதே சொல்தான். ஆளில்லாமல் பறக்கும் கருவிக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது 1930களில். ஆக, இரைச்சல் பெயரிலேயே இருக்கிறது. அதைக் கிளப்பும் உறுப்பு, சுழன்று ட்ரோனைத் தூக்கும் ப்ரொப்பெல்லர். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

லத்தீனில் ‘ப்ரோ’ என்றால் முன்னே, ‘பெல்லெரே’ என்றால் தள்ளுவது. இதற்கு நேரான தமிழ் வினை ‘உந்து’. அதிலிருந்து ‘உந்தி’ என்று சிலர் எழுதுகிறார்கள். சரியான ஆக்கம்தான், ஆனால் கொப்பூழ் என்ற பழைய பொருள் குறுக்கே வந்து நிற்கிறது. ‘விசிறி’யும் புழங்குகிறது. விசிறுதல் என்பது வீசி எறிதல். காற்றைக் கீழே எறிந்துதான் ட்ரோன் மேலே நிற்கிறது என்பதால் அதுவும் பிழையில்லை. ஆனால் விசிறி என்றதும் நின்ற இடத்தில் சுற்றும் பொருள்தான் மனதில் வருகிறது.

பெயர் நம் சிந்தனையையும் இழுத்துப் போகும் என்பதற்கு இந்தக் கருவியே சாட்சி. 19ஆம் நூற்றாண்டில் கப்பலுக்கு வந்தபோது, திருகாணி மரத்தைத் துளைப்பதுபோல இது நீரைத் துளைக்கிறது என்று எண்ணி ‘ஸ்க்ரூ’ என்றார்கள். விமானத்தில் இருந்ததையும் பிரிட்டனில் நெடுங்காலம் ‘ஏர்ஸ்க்ரூ’ என்றே சொன்னார்கள். ரைட் சகோதரர்கள் 1903இல் பறப்பதற்கு முன் கப்பல்காரர்கள் ப்ரொப்பெல்லரை வடிவமைக்கும் கணக்கைத் தேடிப் பார்த்தார்கள், உதவவில்லை. இது திருகு அல்ல, சுழன்றுகொண்டே முன்னேறும் இறக்கை என்று அவர்கள் பிடித்ததும்தான் கணக்கு வழிக்கு வந்தது.

இறக்கை என்று ஆனபின், சத்தமில்லாமல் பறக்கும் இறக்கை எது என்று கேட்கலாம் அல்லவா? ஆந்தை! அதன் இறகின் முன்விளிம்பில் சீப்புப் பற்கள், மேற்பரப்பில் வெல்வெட் போன்ற மென்மயிர், பின்விளிம்பில் குஞ்சம். இறக்கையின் மேலும் கீழும் ஓடிவரும் காற்று பின்விளிம்பில் சட்டென மோதிக் கலந்தால் ‘உஸ்ஸ்’ என்ற இரைச்சல் எழும். குஞ்சமோ ரம்பப் பல்லோ இருந்தால் அந்தக் கலப்பு கொஞ்சம் கொஞ்சமாக நடக்கிறது. ட்ரோன் இறக்கைகளின் பின்விளிம்பில் பற்கள் வெட்டிப் பார்ப்பது இதனால்தான்.

ஆனால் ஆந்தை எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. இரண்டு இறக்கைகள் நிமிடத்துக்கு 6000 முறை சுற்றினால், நொடிக்கு 200 முறை காற்றை அடிக்கின்றன. அந்த 200 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும் சேர்ந்ததுதான் தேனீக் குரல். அதைத் தணிக்க இறக்கையைப் பெரிதாக்கி மெதுவாகச் சுற்றவிட வேண்டும். ஆந்தையும் மெதுவாகப் பறப்பதுதான்.

இப்போது தமிழுக்கு வருவோம். பாடநூல் தமிழில் இந்த இறக்கையை ‘அலகு’ என்பதும் உண்டு. பறவையின் மூக்கும் அலகு, மீட்டரும் கிலோவும் அலகு, குழப்பம். பேச்சிலோ ‘ஃபேன் இறக்கை’ என்று யாரும் சொல்லிக்கொடுக்காமலே சொல்கிறோம். ரைட் சகோதரர்கள் தேடிக் கண்டது நம் வாயில் இயல்பாகவே இருக்கிறது! அதை விடக் கூடாது. ஒவ்வொன்றும் இறக்கை, முழுக் கருவி ‘உந்துசுழலி’ என்பது என் தேர்வு. இப்படி எழுதலாம்: ‘ஆந்தை இறகைப் பார்த்து, இறக்கைகளின் பின்விளிம்பில் பற்கள் வெட்டிய உந்துசுழலி.’