நீலக் கோடு நின்ற இடத்தில் வெள்ளம் நிற்காது

தெற்குக் கலிபோர்னியாவில், சான் கேப்ரியல் மலையடிவாரத்தில் வீடு வாங்க நினைப்பவர்கள், அமெரிக்க நிலவியல் ஆய்வகம் நூறாண்டுகளுக்கு முன் 1:62,500 அளவில் வெளியிட்ட நிலவரைபடத்தைப் பதிவிறக்கி, “ஓடை மேலேயே முடிந்துவிடுகிறது, எங்கள் மனைப் பக்கம் வரவேயில்லை” என்று காட்டுவது பெருகிவிட்டது. அண்மையில் ஒரு குடும்பம் முன்பணத்தைக் கட்டிய பிறகே என்னிடம் கேட்க வந்தது. நிலவியல் தொழிலில் இருக்கும் எனக்கு இனியும் பொறுமையில்லை.

வரைபடத்தில் ஓடையைக் காட்டும் அந்த நீலக் கோடு முடியும் இடம் வெள்ளத்தின் எல்லை அன்று. மலையிடுக்கை விட்டு வெளியேறும் ஓடை சரளைக்கல் சரிவில் இறங்கியதும், வழக்கமான நாட்களில் அதன் நீர் நிலத்துக்குள் இறங்கி மறைந்துவிடுகிறது. அளவையாளர் அதைத்தான் வரைந்தார். பெருமழையில் அதே ஓடை பாறைகளோடு சரிவு முழுவதும் பாயும், பழைய தடத்தை விட்டுப் புதுத் தடமும் பிடிக்கும். அந்தச் சரிவையே கட்டியவை அத்தகைய வெள்ளங்கள்தாம்.

ஆகவே நீலத்தை விட்டுவிட்டுப் ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் பழுப்பு நிறச் சம உயரக் கோடுகளைப் பாருங்கள். மலையிடுக்குக்குள் அவை மேல்நோக்கி உள்வாங்கி வளையும். மலையிடுக்கின் வாயைத் தாண்டியதும் சமவெளியை நோக்கி விசிறிபோல் வெளியே புடைக்கும். அந்தப் புடைப்பின் எந்தப் பகுதியும் ஓடையின் பாதையாக இருந்திருக்கலாம். ஆரஞ்சுத் தோட்டக்காரர்கள் இச்சரிவுகளை விரும்பியது, நீர் தேங்காது, உறைபனிக் காலத்தில் குளிர்காற்று கீழே வடிந்துவிடும் என்பதற்காக. தோட்ட ஓரத்துப் பழைய கற்சுவர்களில் உள்ள உருண்டைக் கற்கள், மரம் நட நிலத்தைத் திருத்தியபோது பொறுக்கியெடுத்தவை; அவற்றை அங்கே உருட்டி வந்தது வெள்ளம்.

பிற்காலத்தில் கட்டிய அணைகளும் வெள்ளம் உருட்டிவரும் பாறையையும் சேற்றையும் பிடித்து நிறுத்தும் பாறைச்சேற்றுத் தேக்கங்களும் பெரிதும் காக்கின்றன, ஆனால் அவற்றுக்கும் கொள்ளளவு உண்டு. செடிகொடி எரிந்துபோன மலைச்சரிவிலிருந்து மழைநீர் மண்ணையும் கல்லையும் எளிதில் அடித்து வரும். 1933 நவம்பரில் இம்மலை எரிந்தது. 1934 புத்தாண்டு மழையில் அதன் அடிவாரத்திலுள்ள கிரசென்டா பள்ளத்தாக்கின் வீடுகள் சேற்றிலும் பாறையிலும் புதைந்தன.

வீடு விற்பவர் வாங்குபவருக்குத் தரும் இயற்கை ஆபத்து அறிவிப்புப் படிவத்தில் வெள்ள மண்டலத்துக்குக் கட்டம் உண்டு, பாறைச்சேற்றுப் பெருக்குக்குத் தனிக் கட்டமில்லை. கையெழுத்திடும் முன் அதைப் பற்றிக் கேளுங்கள். சாதாரண வீட்டுக் காப்பீடு வெள்ளச் சேதத்தை ஏற்காது. கூட்டரசின் வெள்ளக் காப்பீடு பொதுவாக 30 நாட்கள் கழித்தே நடைமுறைக்கு வருவதால் மழை அறிவிப்பு வந்தபின் ஓடுவதில் பயனில்லை. மேலேயுள்ள மலை எரிந்திருந்தால் அடுத்த இரண்டு மழைக்காலங்களிலாவது, வெளியேறச் சொன்ன நேரத்தில், வானம் தெளிவாகத் தோன்றினாலும், தயவுசெய்து குழந்தைகளோடு புறப்பட்டுவிடுங்கள்.