வைரஸ் நரம்புக்குள்ள போறதே இல்ல, அப்புறம் கால் ஏன் எரியுது?

"மாத்திரை தவறாம போடுறேன், ரத்தத்துல வைரஸே தெரியலன்னு ரிப்போர்ட் வருது, ஆனா ராத்திரியானா பாதம் எரியுது, போர்வை உரசினாக்கூட தாங்கல, ஏன்?"னு ஒரு வாசகர் கேட்டிருந்தாரு. எச்ஐவி இருக்கறவங்கள்ல நெறைய பேருக்கு வர்ற நரம்புப் பாதிப்பு இது, ரெண்டு பாதத்துலயும் ஒரே மாதிரி ஆரம்பிச்சு மெதுவா மேல ஏறும்.

எச்ஐவி ஒரு செல்லுக்குள்ள நுழைய செல் மேல சிடி4ங்கற புரதம் வேணும், அது நரம்பு செல்லுல கிடையாது, அதனால வைரஸ் அங்க போய்ப் பெருகறதில்ல. சேதத்துல பெரிய பங்கு நம்ம எதிர்ப்பு செல்களுக்கு, முக்கியமா கிருமிகளை விழுங்கற மேக்ரோஃபேஜுக்கு.

முதுகுத்தண்டை ஒட்டி சின்னச்சின்ன நரம்பு முடிச்சுகள் இருக்கு, பாதத்தோட உணர்ச்சியைக் கொண்டுவர்ற நரம்பு செல்லோட உடல் அங்கதான் உக்காந்திருக்கு, அதோட வால் பாதம் வரைக்கும் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளம்! மூளையில இருக்கற மாதிரி இறுக்கமான ரத்தத் தடுப்பு இந்த முடிச்சுல இல்லாததால ரத்தத்துல வர்ற மோனோசைட்டுங்கற வெள்ளை அணுக்கள் சுலபமா உள்ள புகுந்து மேக்ரோஃபேஜா மாறிடுது. எஸ்ஐவி, அதாவது எச்ஐவியோட குரங்கு வகை, தொற்றின குரங்குகள்ல இந்த வரத்து எவ்வளவு அதிகமோ முடிச்சுல சேதமும் அவ்வளவு அதிகம்னு பார்த்திருக்காங்க.

எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுக்கு அப்புறம்தான். வைரஸோட மேலுறையில ஜிபி120ன்னு ஒரு புரதம், அது உதிர்ந்து சுத்திக்கிட்டிருக்கும். 2003ல வந்த ஒரு ஆய்வு, வளர்ப்புத் தட்டுல என்ன நடக்குதுன்னு படிப்படியா காட்டுச்சு. இந்தப் புரதம் நரம்பைச் சுத்தியிருக்கற ஷ்வான் செல்லுல சிஎக்ஸ்சிஆர்4ங்கற ஏற்பியில போய் ஒட்டுது, உடனே ஷ்வான் செல் ரான்டீஸ்னு ஒரு கெமிக்கலை வெளிய விடுது, அது பக்கத்து நரம்பு செல்லைத் தூண்ட, அந்த நரம்பு செல்லே டிஎன்எஃப் ஆல்ஃபாங்கற அழற்சிப் புரதத்தைத் தயாரிச்சு அதாலயே சாகுது. தன்னைக் கொல்ற விஷத்தைத் தானே காய்ச்சுது, அதுவும் தன்னைப் பாதுகாக்க வேண்டிய செல் சொல்லி! மேக்ரோஃபேஜுங்க வேற தங்க பங்குக்கு டிஎன்எஃப், இன்டர்லூக்கின்னு அழற்சிப் புரதங்களைக் கொட்டிக்கிட்டே இருக்கும். செத்த நரம்பு செல் இருந்த இடத்துல மிச்சமா ஒரு செல் குவியல் கிடக்கும், மைக்ராஸ்கோப்புல பார்க்கலாம்.

ஸ்டாவுடின் மாதிரி பழைய எச்ஐவி மருந்துகளும் செல்லுக்குச் சக்தி தர்ற மைட்டோகாண்ட்ரியாவைக் கெடுத்து இதே பாதிப்பைக் கொண்டு வந்துச்சு, 2009ல உலக சுகாதார நிறுவனம் அதைப் படிப்படியா நிறுத்தச் சொல்லிடுச்சு. உயரமானவங்களுக்கு அந்த மருந்தால ஆபத்து அதிகமா இருந்துச்சு, நரம்பு நீளம்ல.

வைரஸ் அடங்கினப்புறமும் எதிர்ப்பு செல்களோட உசுப்பல் முழுசா அடங்கறதில்ல, செத்த நரம்பு செல்லும் திரும்ப வராது. இப்ப இருக்கற மருந்தெல்லாம் வலியைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும், அவ்வளவுதான். வைரஸ் எண்ணிக்கை குறைஞ்சா வேலை முடிஞ்சதுன்னு நினைக்காம இந்த வலி ஆராய்ச்சிக்கும் பணம் ஒதுக்கணும்ங்கறது என் கருத்து. இதைப் போய் பாவத்தோட பலன்னு பேசறவங்களைப் பார்த்தா கோவம்தான் வருது, மேக்ரோஃபேஜுக்கு யார் நல்லவன் யார் கெட்டவன்னு தெரியாது.

கேட்டவருக்கு ஒண்ணு: எரிச்சலுக்குப் பயந்து மாத்திரையை நிறுத்திடாதீங்க. டாக்டர்கிட்ட சொல்லி சுகரும் பி12ம் பார்த்துடுங்க, சுகர் ஏறினாலும் பி12 குறைஞ்சாலும் இதே மாதிரிதான் எரியும், அதுக்கு வைத்தியம் இருக்கு.