மெக்கர் சொல்லாத கோளாறு

"மெக்கர் போட்டுப் பாத்தாச்சு சார், ஆயிரம் மெகாஓம் காட்டுது." இப்படிச் சொல்லி ஓடவிட்ட மோட்டார் பத்தே நிமிடத்தில் புகைந்து நின்றால், பழி மெக்கர் என்ற இன்சுலேஷன் சோதிக்கும் கருவி மீது விழும். பாவம், அது பொய் சொல்லவில்லை. நாம் அதனிடம் கேட்ட கேள்விதான் வேறு.

வைண்டிங்குக்கும் (மோட்டாருக்குள் சுற்றிய கம்பிச் சுருள்) மோட்டாரின் இரும்பு உடலுக்கும் நடுவே டிசி மின்சாரம் கொடுத்து, இன்சுலேஷன் வழியே எவ்வளவு கசிகிறது என்று மட்டுமே மெக்கர் பார்க்கும்; கசிவு குறைந்தால் மெகாஓம் கூடும். ஈரம், அழுக்கு, மின்சாரம் உடலுக்குப் பாயும் எர்த் ஃபால்ட் எல்லாம் அதில் மாட்டிக்கொள்ளும். பெரிய மோட்டார் என்றால் 10 நிமிடம் விடாமல் பார்ப்பார்கள். கடைசி அளவு முதல் நிமிட அளவைப்போல் இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். ஏறாமல் அங்கேயே நின்றால் ஈரத்தையோ அழுக்கையோ சந்தேகிக்கலாம். ஆனால் இந்தச் சோதனையின்போது வைண்டிங்கின் எல்லாச் சுற்றுகளும் ஒரே வோல்டேஜில் இருக்கின்றன. ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவே இன்சுலேஷன் போயிருந்தால், அது தெரிய வழியே இல்லை.

ஆபத்து இருப்பதோ அங்கேதான். ஒரே ஒரு சுற்று ஷார்ட் ஆனாலும் அது டிரான்ஸ்ஃபார்மரின் ஷார்ட் ஆன செகண்டரி சுருள் போல ஆகிவிடும். லைனில் கரண்ட் பெரிதாக ஏறாது; அந்தச் சுற்றுக்குள் மட்டும் ஃபுல்-லோடு கரண்டைப்போலப் பல மடங்கு சுழலும். கரண்ட் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. கம்பி மேல் பூசிய வார்னிஷ் கருகி, பக்கத்துச் சுற்றுகளும் சேர்ந்துகொண்டு, கடைசியில் எர்த் ஆகும். பாதுகாப்பு ரிலே டிரிப் ஆகி மின்சாரம் நிற்பது பெரும்பாலும் அப்போதுதான். அதற்குள் மோட்டாரின் சுழலாத பகுதியான ஸ்டேட்டரின் தகடுகளே உருகியிருக்கலாம்.

இதைப் பிடிக்கத்தான் சர்ஜ் டெஸ்ட். விரிசல் விட்ட மணியைத் தட்டினால் ஓசை மாறுமே, அதே சங்கதி. கெப்பாசிட்டரில் ஏற்றிவைத்த மின்சாரத்தைச் சட்டென வைண்டிங்கில் கொட்டுவார்கள். ஏறும் வேகத்தில் சுற்றுக்குச் சுற்று வோல்டேஜ் வித்தியாசம் உண்டாகும். பிறகு வைண்டிங்கில் வோல்டேஜ் ஏறி இறங்கி அதிர்ந்து அடங்கும். அந்த அலை திரையில் தெரியும். பொதுவாக மோட்டார் வோல்டேஜைப்போல் இரண்டு மடங்கு, அதோடு 1,000 வோல்ட் என்று கணக்கு: 415 வோல்ட் மோட்டாருக்கு 1,830. அந்த அளவு வரை கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். 1,200 வோல்ட் வரை ஒழுங்காக இருந்த அலை, 1,300-இல் திடீரென இடப்பக்கம் துள்ளினால், அந்த வோல்டேஜில் ஒரு சுற்றிலிருந்து அடுத்த சுற்றுக்கு மின்சாரம் தாண்டிவிட்டது என்று பொருள். ஷார்ட் ஆனதும் இண்டக்டன்ஸ் (கரண்ட் மாறுவதைச் சுருள் எதிர்க்கும் குணம்) குறைகிறது, அதிர்வு வேகமாகிறது, அலை நெருங்கிக்கொள்கிறது.

இதிலும் ஏமாற இடமுண்டு. சுழலும் பகுதியான ரோட்டரைக் கழற்றாமல் சோதித்தால், அது நிற்கும் நிலையைப் பொறுத்தே மூன்று ஃபேஸ் அலைகளும் கொஞ்சம் வேறுபடும். அதைப் பார்த்துப் பதறி, நல்ல வைண்டிங்கைப் பிரித்துப் போடக் கூடாது. ஒரு ஃபேஸின் அலையை, வோல்டேஜ் ஏற ஏற, அதன் முந்தைய அலையோடேயே ஒப்பிடுவதுதான் நம்பகமானது.

6.6 கேவி, 11 கேவி (6,600, 11,000 வோல்ட்) மோட்டார்களில் கண்ணும் மூக்கும்கூடக் கருவிகள்தான். காயில் முனைகளில் சாம்பல் பூத்தாற்போல் வெள்ளைப் பொடி படிந்து, ஓடும்போது ஓசோன் நெடி அடித்தால், பார்ஷியல் டிஸ்சார்ஜ் எனும் சின்னச் சின்ன மின்பொறிகள் இன்சுலேஷனை அரிக்கத் தொடங்கிவிட்டன. மெக்கரோ அப்போதும் ஆயிரம் மெகாஓம் காட்டிக்கொண்டிருக்கும்.