பேட்ச்: ஒட்டும் பொத்தும்

பேட்ச் என்பது நிரலின் பிழையை நீக்க எழுதும் சிறு மாற்றம். முழு நிரலையும் அனுப்பாமல், எந்த வரி போக வேண்டும், எந்த வரி வர வேண்டும் என்பதை மட்டும் குறித்து அனுப்புவார்கள்.

கிழிந்த துணியின்மேல் வைத்துத் தைக்கும் துண்டுக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயர்தான் இது. கணினிக்குள்ளும் இது மெய்யான ஒட்டாகவே நுழைந்தது. 1944இல் செயல்பாட்டுக்கு வந்த ஹார்வர்டு மார்க் 1 கணினி, துளையிட்ட காகித நாடாவிலிருந்து கட்டளைகளைப் படித்தது. துளை தவறாக இருந்தால் அதன்மேல் துண்டுக் காகிதத்தை ஒட்டி மூடினார்கள். 1985இல் நிரலாளர் லாரி வால் வெளியிட்ட கருவிக்கும் பேட்ச் என்றே பெயர். இரு கோப்புகளின் வேறுபாட்டைப் படித்து, மாற்றத்தை அதுவே உரிய இடத்தில் பொருத்தும்.

தமிழில் ஒட்டு என்பதே இதற்கு நேரான பெயர். ஒட்டுப்போட்ட சட்டையை அறியாதவர் இல்லை. வினைச்சொல்லுக்கு மட்டும் நான் எங்கள் ராமநாதபுரம் கடற்கரைக்குப் போவேன்: பொத்துதல். பாம்பனில் வலை பொத்துகிறவர் கிழிந்த ஓரத்தைக் கால் பெருவிரலில் மாட்டி, ஊசியால் கண் கண்ணாக முடிந்துகொண்டே வருவார். கடைசி முடிச்சு விழுந்ததும் அந்த இடத்தை இரு கையாலும் விரித்து இழுப்பார். பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் நீட்டி, "இந்த இடத்தை இழுத்துப் பாருங்கள்" என்பார்.

பொத்து என்பது வினையானால் மூடுதல், தைத்தல். பெயரானால் துளை, குறை. "ஆற்றின் வருந்தா வருத்தம் பலர்நின்று போற்றினும் பொத்துப் படும்" என்பது 468ஆம் குறள். உரிய வழியில் செய்யாத முயற்சி, பலர் துணை நின்றாலும் பழுதாகும். பலர் கூடி உருவாக்கும் திறமூல மென்பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான எச்சரிக்கையை நான் படித்ததில்லை. இங்கே ஆறு என்றால் வழி. ஒட்டுடன், அது வேலை செய்கிறதா என்று பிறர் சோதித்துப் பார்க்கும் வழியையும் எழுதி அனுப்ப வேண்டும். அதைச் சோதனை வழி என்று அழைக்கலாம்.

ஒருமுறை நான் ஓர் உரைத் தொகுப்பியின் (டெக்ஸ்ட் எடிட்டர்) தேடல் பிழைக்கு ஒட்டு அனுப்பி, "தமிழ்த் தேடல் சரியாகிவிட்டது, பார்க்கவும்" என்று மட்டும் எழுதினேன். வரும் ஒட்டுகளைப் பார்த்துச் சேர்க்கும் பராமரிப்பாளர் தமிழ் அறியாதவர்; அவர் எதைப் பார்ப்பார்? வாரக்கணக்கில் அது அப்படியே கிடந்தது. பிழை நுட்பமானது. எழுத்துகளைக் கணினியில் எண்களாகக் குறிக்கும் ஒருங்குறியில் (யூனிகோடு) "தொ" என்பதன் ஒகரக் குறியை ஒற்றைக் குறியீடாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடே தெரியாது. இரண்டும் ஒன்றே என்று தொகுப்பி அறியவில்லை.

பிறகு திருத்தி எழுதினேன்: "இணைத்துள்ள கோப்பைத் திறக்கவும். அதன் முதல் வரியில் தொண்டி என்ற ஊர்ப்பெயர் இரட்டைக் குறியீட்டில் உள்ளது. கீழே ஒற்றைக் குறியீட்டில் தந்துள்ள தொண்டியை நகலெடுத்துத் தேடவும். ஒட்டுக்கு முன்: எதுவும் கிடைக்காது. ஒட்டுக்குப் பின்: முதல் வரி ஒளிரும். தோணி என்று தேடினால் இரண்டு நிலையிலும் எதுவும் வரக்கூடாது." பயன்படுத்திய இயங்குதளத்தையும் தொகுப்பியின் பதிப்பு எண்ணையும் மேலே குறித்தேன்.

மறுநாளே பராமரிப்பாளரின் பதில் வந்தது: முதல் வரி ஒளிர்கிறது, தோணி வரவில்லை.