பாட்காஸ்ட்: ஒரு பதிவிறக்கம் எப்படிக் காசாகிறது?

பாட்காஸ்ட் நிகழ்ச்சி நம் செயலிக்குத் தானாக வந்து சேரக் காரணம் ஆர்எஸ்எஸ் ஓடை (ஃபீட்) என்னும் எளிய உரைக்கோப்பு. வலைத்தளங்களில் புதிதாக வந்ததைத் தெரிவிக்கப் பயன்பட்டுவந்த இந்த வடிவத்தில், 2000-ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்க நிரலாளர் டேவ் வைனர் ‘என்க்ளோஷர்’ என்ற குறியைச் சேர்த்தார். அதில் மூன்றே தகவல்கள்: ஒலிக்கோப்பின் முகவரி, பைட் கணக்கில் அதன் அளவு, கோப்பின் வகை. இந்த ஓடையைப் படித்து ஒலியைத் தானாக ஐபாடுக்கு இறக்கும் மென்பொருள்கள் 2004-ல் வந்தன. 2005 ஜூனில் ஆப்பிள் தன் ஐட்யூன்ஸில் பாட்காஸ்டைச் சேர்த்தது. 2014-ல் ஐஓஎஸ் 8 முதல் பாட்காஸ்ட் செயலி ஐபோனிலேயே நிறுவப்பட்டு வரத் தொடங்கியது. கணினியில் செருகி நகலெடுக்கும் வேலை பெரும்பாலோருக்கு இல்லாமல் போனது.

இந்த ஓடை எந்த நிறுவனத்துக்கும் சொந்தமில்லை. எந்தச் செயலியும் படிக்கலாம். பாட்காஸ்டின் மிகப் பெரிய பலம் இது. பணச் சிக்கல் தொடங்கும் இடமும் இதுதான். கோப்பு ஒருமுறை இறங்கிவிட்டால், கேட்டாரா, பாதியில் நிறுத்தினாரா, விளம்பரத்தைத் தாண்டினாரா என்று அதை அனுப்பிய சர்வருக்குத் தெரியாது. எந்த ஐபி முகவரியிலிருந்து கோப்பைக் கோரினார்கள், எந்தச் செயலி, எத்தனை பைட் போயிற்று, இவ்வளவுதான் அதன் பதிவேட்டில் இருக்கும். விளம்பரப் பணத்தில் பெரும்பகுதி இந்தப் பதிவேட்டை நம்பித்தான் கைமாறுகிறது.

அதனால் எதைப் பதிவிறக்கமாக எண்ணுவது என்பதற்கு இணைய விளம்பரத் துறைக்குத் தரநிலைகள் வகுக்கும் ஐஏபி டெக் லேப் அமைப்பு விதிகள் வகுத்திருக்கிறது. குறைந்தது ஒரு நிமிடம் ஒலிக்கக்கூடிய தரவு போயிருக்க வேண்டும். 128 கேபிபிஎஸ் (நொடிக்கு 128 கிலோபிட்) கோப்பில் ஒரு நிமிடம் என்பது 960 கிலோபைட்; 64 கேபிபிஎஸ் மோனோவில் 480. கோப்பின் தலைப்பகுதியில் முகப்புப் படம் இருந்தால், அதன் அளவு இதற்கு மேல் தனி. ஒரே ஐபி முகவரியும் ஒரே செயலி அடையாளமும் ஒரே கோப்பை 24 மணி நேரத்தில் எத்தனை முறை இறக்கினாலும் கணக்கு ஒன்றுதான். விதி நல்லது, ஆனால் பிழையற்றதல்ல. வீட்டு வைஃபையில் பாதி, வெளியே மொபைல் டேட்டாவில் மீதி என்று இறக்கியவர் இருவராக எண்ணப்படலாம். நம் நாட்டு மொபைல் நிறுவனங்களில் பலர் ஒரே ஐபி முகவரியைப் பகிர்வதால், ஒரே வகை போனும் செயலியும் வைத்திருக்கும் பத்துப் பேர் ஒருவராகச் சுருங்கவும் கூடும்.

2023 செப்டம்பரில் ஐஓஎஸ் 17 வந்தபோது இந்த எண்ணிக்கையின் பலவீனம் வெளிப்பட்டது. கேட்பதை நிறுத்திவிட்டு மீண்டும் வந்தவருக்கு, விட்டுப்போன பழைய பகுதிகளையெல்லாம் (எபிசோடுகளை) இறக்கிக் கொடுக்கும் பழக்கத்தை ஆப்பிள் செயலி கைவிட்டது. பல நிகழ்ச்சிகளின் எண்ணிக்கை சரிந்தது. யாரும் கேட்காமல் போனில் கிடந்த கோப்புகளும் அதுவரை கணக்கில் ஏறியிருந்தன என்பதே காரணம்.

விளம்பரம் இரண்டு வகை. நிகழ்த்துபவரே தன் குரலில் பேசி, கோப்போடு நிரந்தரமாகச் சேர்த்துவிடுவது பழைய முறை. கேட்பவர் நம்பும் குரல் என்பதால் நல்ல விலை கிடைக்கும். ஆனால் விளம்பரத்தில் சொன்ன சலுகை முடிந்த பிறகும் அது அங்கேயே கிடக்கும். இரண்டாவது முறையில், கோப்பில் இடைவெளிகளைக் குறித்துவைத்தால் போதும்; ஒருவர் கோப்பை இறக்கும் கணத்தில் சர்வர் அங்கே விளம்பரத்தைச் சேர்த்து அனுப்பும். சிகாகோக்காரருக்கு ஒன்று, சென்னைக்காரருக்கு வேறொன்று. மூன்றாண்டுக்கு முந்தைய பகுதியும் இன்றைய விளம்பரத்தோடு சம்பாதிக்கும்.

இது சாத்தியமாவது எம்பி3-யின் கட்டமைப்பால்தான். ஒலி அதில் 1152 மாதிரிகள் (ஒலியைக் கணந்தோறும் அளந்த எண்கள்) கொண்ட சிறு சட்டங்களாக (ஃபிரேம்) அடுக்கப்பட்டிருக்கிறது. 44,100 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 44,100 மாதிரிகள் என்றால், ஒரு சட்டம் ஏறத்தாழ 26 மில்லிவிநாடி. ஒவ்வொன்றுக்கும் தனித் தலைப்பு (ஹெடர்) உண்டு என்பதால், ரயிலில் புதுப் பெட்டியை இடையில் கோப்பதுபோல, முழுக் கோப்பையும் மீண்டும் குறியாக்காமல் விளம்பரத்தைச் செருகலாம். ஆனால் ஒரு சட்டம் தன் தரவில் ஒரு பகுதியை முந்தைய சட்டங்களில் வைத்திருக்கலாம். அதைக் கவனிக்காமல் வெட்டினால் ஒட்டுமிடத்தில் சிறு தடங்கல் கேட்கும். மாதிரி விகிதம் பொருந்தாவிட்டால் சில செயலிகளில் குரலின் வேகமே மாறிப்போகும். உரத்த அளவு பொருந்தாவிட்டால் விளம்பரம் காதில் அறையும். நிகழ்ச்சி, விளம்பரம் இரண்டையும் ஆப்பிள் பரிந்துரைக்கும் மைனஸ் 16 எல்யுஎஃப்எஸ் (ஒலியின் உரப்பை அளக்கும் அலகு) அளவுக்குக் கொண்டுவருவது நல்லது. இன்னொரு தொல்லை, பாதியில் அறுந்த பதிவிறக்கம். செயலி விட்ட பைட்டிலிருந்து தொடரக் கேட்கும்போது சர்வர் வேறு நீளமுள்ள விளம்பரத்தைக் கோத்துவிட்டால், ஒரு வாக்கியம் இருமுறை கேட்கும் அல்லது காணாமல் போகும்.

கணக்கைப் பார்ப்போம். விலை பேசுவது ஆயிரம் பதிவிறக்கத்துக்கு இத்தனை என்று. 20 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 4000 பதிவிறக்கம், இரண்டு விளம்பரம் என்றால் ஒரு பகுதிக்கு 160 டாலர். முகவர் 30 விழுக்காடு எடுத்தால் 112. மாதம் நான்கு பகுதிகள், எல்லா இடமும் விற்றால், 448. இதே 4000 பேரில் 2 விழுக்காட்டினர், அதாவது 80 பேர், மாதம் 5 டாலர் தந்தால் 400; தளக் கட்டணம் அதில் கழியும். ஏறக்குறைய சமம். சில ஆயிரம் பேர் கேட்கும் நிகழ்ச்சிக்குச் சந்தாவே உறுதியான வழி என்று நான் கருதுவது இதனால்தான். இந்திய விளம்பர விலையில் கணக்கிட்டால் அந்த வாதம் இன்னும் வலுக்கும்.

சந்தாவும் அதே ஓடையில்தான் ஓடுகிறது. படைப்பாளிகளுக்காக ரசிகர்களிடம் சந்தா வசூலிக்கும், 2013-ல் தொடங்கிய பேட்ரியான் போன்ற தளங்கள் ஒவ்வொரு சந்தாதாரருக்கும் யாரும் ஊகிக்க முடியாத நீண்ட முகவரியுடன் தனி ஓடை தருகின்றன. பணம் நின்றால் அந்த முகவரி செத்துவிடும். ஒரே முகவரியைப் பல ஊர்களிலிருந்து பலர் திறந்தால், பகிரப்பட்டது தெரிந்துவிடும். ஆப்பிள் 2021-ல் தொடங்கிய சந்தாவில் வேலை எளிது. ஆனால் முதல் ஆண்டில் 30 விழுக்காடும் பிறகு 15 விழுக்காடும் அவர்களுக்கு. கேட்பவரின் மின்னஞ்சல்கூட நம் கைக்கு வராது.

ஒலிக்கோப்புகளையும் ஓடையையும் தன் சர்வரில் வைத்துத் தரும் நிறுவனத்தை மாற்றும்போதுதான் பலர் வருமானத்தை இழக்கிறார்கள். பழைய ஓடை முகவரியிலிருந்து புதியதற்கு 301 என்னும் நிரந்தரத் திருப்பம் வைக்க வேண்டும். குறைந்தது நான்கு வாரம் விட்டுவையுங்கள். ஒவ்வொரு பகுதிக்கும் உள்ள ‘ஜியுஐடி’ என்ற அடையாள எண்ணை மாற்றவே கூடாது. மாறினால் செயலிகள் பழைய பகுதிகளையெல்லாம் புதியவை என்று எண்ணி மறுபடி இறக்கும். அந்த மாத எண்ணிக்கை எகிறும், அடுத்த மாதம் விழும், எது உண்மை என்று விளம்பரதாரர் கேட்பார்.